கண் கசக்கும் கழுகு

மனித குலத்துக்கு வரும் கண் நோய்கள் அனைத்துக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: மனிதர்கள் தங்கள் கண்களைப் போதுமான அளவு கசக்குவதில்லை. இந்த உண்மையைக் கழுகு கண்டுபிடித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. உலகம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அது உலகத்தின் கஷ்டகாலம்.

கழுகு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. செல்போன் பழுது பார்க்கும் தொழிலுக்கு வந்த புதிதில், மற்றவர்கள் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டும் கடுகளவு பாகத்தை அவர் வெறும் கண்ணால் பார்த்து ஒட்டிவிட்டார். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர், "கழுகுக் கண்ணுப்பா உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். கேட்டவர் மறக்கவில்லை. கடையின் பெயர்ப்பலகை 'கழுகு மொபைல்ஸ்' என்று மாறியது. பலகையில் வரைந்த பறவை கொஞ்சம் கிளிச் சாடையில் இருக்கும். அதை அவரிடம் சொல்லும் துணிச்சல் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கசக்கல் தொடங்கும். நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கைகளையும் மடக்கி, விரல் முட்டிகளைக் கண்களில் பதித்து, அழுக்குச் சட்டைக் காலருக்குச் சோப்புப் போடுகிற அழுத்தத்தில் தேய்ப்பார். கிச் கிச் என்று சத்தம் வரும். சத்தம் வந்தால்தான் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். எல்லாம் முடிந்து கண்ணைத் திறக்கும்போது பூச்சி பறக்கும். அந்தப் பூச்சிகளையும் அவர் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டார்.

இந்தக் கொள்கைக்குக் கடைக்குள்ளேயே ஓர் எதிரி இருந்தான். மனைவியின் தம்பி. கடை வாசல் மேசையில் உட்கார்ந்து போன் கவர் விற்பதும், திரைக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுவதும் அவன் வேலை. அவனுடைய கருவிழியின் மேல்சவ்வு மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு வர ஆரம்பித்திருந்தது. போன வருடம் ஆஸ்பத்திரியில் அவனைப் படுக்க வைத்து, மஞ்சளாக ஒரு விட்டமின் சொட்டு மருந்து விட்டு, புற ஊதா விளக்கைக் காட்டி அந்தச் சவ்வை இறுக்கினார்கள். இனி ஆயுசுக்கும் கண்ணைக் கசக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

"இதுக்குப் போயா ஆஸ்பத்திரி?" என்று கழுகு அன்றைக்கே கேட்டார். "நம்ம கடையிலயே பண்ணியிருக்கலாமே மாப்ளே. பசை ஒட்டற யூவி லைட்டு சும்மாதானே கிடக்கு. அப்படியே கண்ணுக்கு ஒரு டெம்பர் கிளாசும் போட்டு அனுப்பியிருப்பேன். கவர் இலவசம்."

கசக்காமல் இருப்பதற்கு மச்சினன் ஒரு வழி வைத்திருந்தான். கண் அரிக்கும்போதெல்லாம் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, அரிப்பு அடங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பான். அவனுக்குக் 'கோழி' என்று பெயர் வந்தது இப்படித்தான். வைத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"என்ன கோழி, எத்தனை முட்டை?"

"டாக்டர் கசக்கக் கூடாதுன்னாங்க மாமா."

"சொல்லத்தான் செய்வாங்க. ஊரே கண்ணைக் கசக்க ஆரம்பிச்சா அவங்க ஆஸ்பத்திரியை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான். நீ அடைகாத்துக்கிட்டு இரு. குஞ்சு பொரிச்சதும் சொல்லு, எனக்கு ஒண்ணு எடுத்து வை."

ஒரு நாள் கார்ச் சக்கரம் ஏறிய போன் ஒன்று பழுதுக்கு வந்தது. திரைக் கண்ணாடி நொறுங்கி மாவாகியிருந்தது. கழுகு அதைப் பெயர்த்து, ஊதி, கையைக் கால்சட்டையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டதும் வழக்கமான கசக்கல். பாதியில் வலது கண்ணில் சுருக்கென்றது.

போதுமான அளவு கசக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? இன்னும் நன்றாகக் கசக்கினார்.

மறுநாள் கண் சிவந்தது. அதற்கு மறுநாள் தண்ணீர் கொட்டியது. வெளிச்சம் பட்டால் ஊசி குத்துவது போல் இருந்தது.

"மாமா, கண்ணு செவந்திருக்கே."

"தூக்கம் பத்தலை."

"நேத்து மத்தியானம் கடையிலயே குறட்டை விட்டீங்களே?"

"அது குறட்டை இல்லை. யோசனை."

அன்றோடு கழுகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வருகிறவர்களுக்கு அவருடைய இடது பக்க முகம் மட்டும் தெரிந்தது, பழைய நாணயத்தில் இருக்கிற ராஜாவைப் போல. இந்த ஏற்பாடு கணக்கு டீச்சர் வரும்வரை ஒழுங்காக நடந்தது.

கணக்கு டீச்சர் அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். கழுகின் மனைவி வேன் ஓட்டும் பள்ளிக்கூடத்தில்தான் வேலை. பழுதுக்குக் கொடுத்த போனை வாங்க வந்தவர், நேராக மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றுவிட்டார். வாசல் வெளிச்சம் சரியாகக் கழுகின் வலது கண்ணில் விழுந்தது. கண் படக்கென்று மூடிக்கொண்டது.

"போன் ரெடியாப்பா?"

"ரெடி டீச்சர்." கண் திறந்து, மறுபடி மூடியது.

டீச்சர் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"என்னப்பா இது?"

"புது பேட்டரி டீச்சர். இனிமே ராத்திரி பூரா தாங்கும்." ஒரு கண்சிமிட்டல்.

"நான் ராத்திரியைப் பத்தி ஏதாவது கேட்டேனா?"

"இல்லை டீச்சர். உள்ளே இருந்த போட்டோ எதையும் நான் பாக்கலை." இன்னொன்று.

டீச்சர் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "எனக்கு ரிடையர்மென்ட் வயசாகுதுப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்தக் குரலில் முக்கால் பங்கு கோபம் இருந்தது. மீதிக் கால் பங்கு என்ன என்பது கணக்கு டீச்சருக்குத்தான் வெளிச்சம்.

சாயங்காலம் வீட்டில் மனைவி செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள். "என்னங்க, கணக்கு டீச்சரைப் பார்த்துக் கண்ணடிச்சீங்களாமே?"

கழுகுக்கு முன்னால் இரண்டு பாதைகள் இருந்தன. கண்ணில் கோளாறு என்று ஒத்துக்கொள்ளலாம். அல்லது கண்ணடித்ததை ஒத்துக்கொள்ளலாம். முதல் பாதையில் போனால் கடைப் பலகை, கொள்கை, ஊரில் எடுத்த பெயர் எல்லாம் போய்விடும். இரண்டாவதில் போனால் மானம் மட்டும்தான் போகும். அவர் அதிகம் யோசிக்கவில்லை.

"ஆமா. அடிச்சேன். இப்ப என்னங்கற?"

மனைவி கைப்பையை மாட்டிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "நல்ல சங்கதிதான். எங்கே, எனக்கும் ஒண்ணு அடிங்க பார்ப்போம். கல்யாணம் ஆனதுலேருந்து ஒண்ணுகூட வரலை."

கழுகு சுதாரித்தார். வலது கண்ணைச் சிமிட்டினால் சந்தேகம் வரும். வேண்டுமென்றே அடிப்பது போல் இடது கண்ணை ஸ்டைலாக மூடினார். வலது கண் ஏற்கெனவே மூடியிருந்ததை அந்த அவசரத்தில் மறந்துபோனார்.

"ரெண்டையும் மூடினா அதுக்குப் பேரு கண்ணடிக்கிறது இல்லைங்க, தூக்கம்" என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே அவருடைய தாடையைப் பிடித்து விளக்கின் பக்கம் திருப்பி, இமையைத் தூக்கிப் பார்த்தாள். கருவிழியில், நடுவுக்குச் சற்றுத் தள்ளி, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கிண்டல் பண்ணவில்லை. "வண்டியில ஏறுங்க" என்றாள்.

பள்ளிக்கூட வேனின் குட்டி இருக்கையில் முழங்கால் தாடையில் இடிக்கக் கழுகு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். டாக்டரம்மா அவருடைய தாடையை ஒரு கருவியின் மேல் வைக்கச் சொல்லி, நெற்றியை ஒட்ட வைத்து, ஒல்லியான ஒளிக்கீற்றை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணைக் கசக்கற பழக்கம் உண்டா?"

கழுகு திருதிருவென விழித்தார், ஒரு கண்ணால்.

"உண்டாவா? அதுக்கு ஒரு சங்கமே வச்சு நடத்தறார் டாக்டர்" என்றாள் மனைவி.

"கண்ணாடித் தூள் கீறியிருக்கு. கசக்கிக் கசக்கிக் கீறலைப் பெருசாக்கி, கிருமியையும் உள்ளே விட்டிருக்கீங்க. இது கருவிழிப் புண். இன்னும் மேலாகத்தான் இருக்கு. நடுவுக்கு வந்து ஆழமா இறங்கினா இந்தக் கண்ணு பார்வை அவ்வளவுதான்." டாக்டரம்மா புண்ணின் ஓரத்தை லேசாகச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மணிக்கு ஒரு தடவை விடச் சொல்லிச் சொட்டு மருந்து எழுதினார். "என்ன வேலை பண்றீங்க?"

கழுகு இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் வரிசையில் இருந்த ஒற்றைப் பெரிய எழுத்து, நீராவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பது போல் கலங்கித் தெரிந்தது. கடுகளவு பாகத்தை ஒட்டும் கண் அது. அதுவும் போனால் பலகையில் இருக்கும் கிளிதான் மிச்சம்.

வெளியே வந்ததும் மனைவியிடம் சொன்ன முதல் வார்த்தை: "கோழிக்கு மட்டும் தெரியக் கூடாது."

"ஏன், கொத்திடுவானா?"

"சொல்லாதேன்னா சொல்லாதே."

கடையில் 'கண்ணில் தூசி' என்று சொல்லி ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மணிக்கு ஒரு தடவை கழிப்பறைக்குப் போய்ச் சொட்டு விட்டுக்கொண்டு வந்தார். மச்சினன் ஒன்றும் கேட்கவில்லை. "தண்ணி நிறையக் குடிக்கிறீங்க போல மாமா" என்று மட்டும் ஒரு தரம் சொன்னான்.

சில நாள் கழித்து டாக்டரம்மா மறுபடி பார்த்தார். புண் பெரிதாகவில்லை. ஆனால் எதிர்பார்த்த வேகத்தில் சுருங்கவும் இல்லை.

"சொட்டு மருந்தோட சேர்த்து ஒளி சிகிச்சை ஒண்ணு பண்ணிப் பார்க்கலாம். மஞ்சளா ஒரு விட்டமின் சொட்டு விட்டு, அது ஊறினதும் புற ஊதா லைட்டு காட்டுவோம்."

கழுகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "டாக்டர், அது... கோழிக்குப் பண்ணினதுதானே?"

டாக்டரம்மா அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். "கோழிக்கெல்லாம் நாங்க பண்றதில்லைங்க."

மனைவி இருமுவது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என் தம்பியைச் சொல்றார் டாக்டர். போன வருஷம் கருவிழி கூம்பா நீளுதுன்னு இங்கேதான் பண்ணினீங்க" என்றாள்.

"ஆமா, அதுக்குத்தான் இதை முதல்ல கொண்டுவந்தாங்க. அந்த மருந்தும் லைட்டும் சேர்ந்தா சவ்வுல இருக்கற இழைக்கு நடுவுல புதுசு புதுசா முடிச்சு விழும். தளர்ந்த கயித்துக் கட்டிலை இழுத்துக் கட்டின மாதிரி இறுகிடும். கண்ணுல லேசர் பண்ணி அப்புறம் சவ்வு தளர்ந்து போனவங்களுக்கும் பண்றோம். போகப் போகப் பார்த்தா, அதே லைட்டு கிருமியையும் கொல்லுது. இறுகின சவ்வைக் கிருமியால சீக்கிரம் அரிக்கவும் முடியறதில்லை. அதனால சில புண்ணுக்கும் இப்பப் பண்ணிப் பார்க்கறோம். எல்லாத்துக்கும் கேக்காது. ஆழமா இறங்கினதுக்குப் பிரயோஜனம் கம்மி, சில கிருமிக்குச் சரிவராது. உங்களுது மேலாக இருக்கு, கிருமியும் எதுன்னு தெரிஞ்சாச்சு. கேக்க வாய்ப்பு இருக்கு. நாளன்னிக்கு வாங்க."

கழுகு வீடு திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. மனைவி அதைப் பயம் என்று நினைத்தாள். அது திட்டம்.

ஆஸ்பத்திரியில் சொட்டு விடும் அக்காவிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோரும் கோழிக்குப் பழக்கம். மாதாமாதம் போய் வருகிறவன். அங்கே போய்ப் படுத்தால் சேதி அவருக்கு முன்னால் கடைக்கு வந்துவிடும். ஒரு வருடமாகக் கேட்டு வந்த முட்டைக் கணக்கையெல்லாம் அவன் வட்டியோடு திருப்பிக் கேட்பான். எதற்கு வம்பு? மஞ்சள் விட்டமின் வீட்டிலேயே இருக்கிறது, மனைவி வாய்ப்புண்ணுக்கு வாங்கிய மாத்திரை. புண் வாயில் இருந்தால் என்ன, கண்ணில் இருந்தால் என்ன? புற ஊதா லைட்டு கடையில் இருக்கிறது. உடைந்த திரையைப் பிரித்து ஒட்டுகிறவருக்கு ஒரு கண்ணை ஒட்டத் தெரியாதா?

மறுநாள் மதியம் கோழி சாப்பிடக் கிளம்பியதும் கழுகு ஷட்டரைப் பாதி இறக்கினார். மாத்திரையை நுணுக்கி ஒரு மூடியில் கரைத்தார். பேனாவுக்கு மை விடும் குழலில் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டார். போன் பிரிக்கும் மேசையை ஒதுக்கி, அதன்மேல் மல்லாந்து படுத்து, யூவி விளக்கின் கழுத்தை வளைத்து முகத்துக்கு நேராக நிறுத்தினார். ஒரு கையால் இமையை விரித்தார். மறு கை சுவிட்சைத் தேடியது.

சுவிட்ச் போட்ட சத்தம் கேட்டது. விளக்கு எரியவில்லை.

தலையைத் திருப்பினார். குடையை மறந்துவிட்டுப் போய்த் திரும்பி வந்த மச்சினன், சுவரிலிருந்து பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன மாமா, டெம்பர் கிளாஸ் போடணுமா?"

கழுகு கூரையைப் பார்த்தார்.

"சொந்தக்காரரு, பார்த்துப் போட்டுத் தர்றேன். கவர் இலவசம்."

"டேய்..."

அந்தக் குரல் கழுகின் குரல் மாதிரியே இல்லை. மச்சினன் கிட்டே வந்து குனிந்து கண்ணைப் பார்த்தான். முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. குப்பைத் தொட்டியிலிருந்து ஓர் உடைந்த திரையை எடுத்தான். அதில் ஒரு சொட்டுப் பசை விட்டு, பிளக்கைச் செருகி விளக்கைக் காட்டினான். கொஞ்ச நேரம்தான். அணைத்துவிட்டு அந்தச் சொட்டை நகத்தால் தட்டினான். டக், டக்.

"கல்லு மாதிரி ஆயிடுச்சு பாருங்க. இந்த லைட்டுல எவ்வளவு வேகம் வருதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அங்கே அளந்து காட்டறாங்க. மருந்து ஊறுச்சான்னு பார்த்துக் காட்டறாங்க. நீங்க மூடியில கரைச்சிருக்கறதுல பாதி மாத்திரை மாவு. கிருமி போகுதோ இல்லையோ, கண்ணு வெந்துடும்."

கழுகு எழுந்து உட்கார்ந்தார். குழலில் இருந்த மஞ்சள் தண்ணீர் சட்டையில் சொட்டியது.

"உங்க அக்காகிட்ட சொல்லிடாதே."

"சொல்லலை. ஆனா அக்கா எல்லாத்தையும் என்கிட்ட சொல்லிட்டா. என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நீங்க சொன்னதையும் சேர்த்து."

"எப்போ?"

"நீங்க ஆஸ்பத்திரி போன அன்னைக்கே."

"இவ்வளவு நாளா தெரியுமா? பின்னே ஏன்டா ஒரு வார்த்தை கேக்கலை?"

"அடைகாத்துக்கிட்டு இருந்தேன் மாமா" என்றான் கோழி.

மறுநாள் வேனில் மூவரும் போனார்கள். சிகிச்சை அறை வாசல் வரை மச்சினன் கூட வந்தான். "வலிக்காது மாமா, மரத்துப் போக மருந்து விடுவாங்க. கசக்கணும்னு தோணும். அது மட்டும்தான் கஷ்டம்" என்றான். உள்ளே இமைகளை அகட்டி நிறுத்தும் சின்னக் கம்பி ஒன்றை மாட்டினார்கள். மஞ்சள் சொட்டு விழ விழ, அறை முழுவதும் மஞ்சள் கவருக்குள் போட்டது போல் ஆனது. பிறகு நீல நிறத்தில் விளக்கு வந்தது. அதையே பார்க்கச் சொன்னார்கள். கழுகு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விளக்கை எதிர்த்துப் பேசாமல் பார்த்தார். நடுவில் ஒரே ஒரு தடவை, "டாக்டர், இது என்ன கம்பெனி லைட்டு?" என்று கேட்டார். "பேசினா கண்ணு ஆடும்" என்று டாக்டரம்மா சொன்னதும் பெட்டிப் பாம்பாக அடங்கினார்.

புண் உடனே ஆறிவிடவில்லை. சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக வாரங்கள் போயின. டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் ஒளிக்கீற்றை விட்டுப் பார்த்து "ம்" என்பார். அந்த "ம்" நல்ல "ம்"மா, கெட்ட "ம்"மா என்று வீடு திரும்பும் வரை கழுகு மனைவியைக் குடைவார். கடைசியில் ஒருநாள் டாக்டரம்மா "ம்" சொல்லவில்லை. "ஆறிடுச்சு" என்றார். வெள்ளைப் புள்ளி இருந்த இடத்தில் மெல்லிய மங்கல் மட்டும் மிஞ்சியது. பார்வை எழுத்து அட்டையில் கடைசிக்கு முந்தின வரிசை வரை வந்தது.

"இனிமே கண்ணுக்குக் கை போகக் கூடாது" என்றார் டாக்டரம்மா.

கடையில் இப்போது ஒரு பூதக்கண்ணாடி இருக்கிறது. கேட்கிறவர்களிடம் கழுகு, "கம்பெனிக்காரன் பார்ட்டை முன்னைவிடச் சின்னதாக்கிட்டான்" என்பார். மற்றபடி வாய் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

இன்றைக்கு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு வாடிக்கையாளரிடம், "சாதாரணக் கண்ணு இல்லைங்க இது, இறுக்கிக் கட்டின கண்ணு. டாக்டரே அசந்துட்டாங்க. எங்க கடையில ஒருத்தன் இருக்கான், கோழின்னு. அவனுக்கும் பண்ணினாங்க, ஆனா அது வேற, இது வேற" என்று அளந்துகொண்டிருந்தார். வாசல் மேசையில் மச்சினன் முதுகைக் காட்டிக்கொண்டு யாருடைய போனுக்கோ கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தான்.

பேச்சின் நடுவில் வலது கண் அரித்தது. பழைய நேரம், பழைய அரிப்பு. கழுகின் விரல் முட்டிகள் தானாக மேசைக்கு மேல் எழுந்தன. பாதி வழியில் நின்றன. அவர் வாசலைப் பார்த்தார். மச்சினன் திரும்பவில்லை. தெருவைப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. நாற்காலி மெத்தையைச் சரிசெய்கிறவர் போல் லேசாக எழும்பி, மெல்ல உட்கார்ந்தார்.

வாடிக்கையாளர் தன் போனை நீட்டினார். "இந்தாங்கண்ணே, வாங்கிப் பாருங்க."

"மேசையில வைங்க."

"கையில வாங்கிப் பார்த்தாத்தானே தெரியும்?"

"கை வேலையா இருக்குங்க" என்றார் கழுகு, தொடைக்கு அடியிலிருந்து அவற்றை எடுக்காமல்.